கயிறு முடிகிற இடம்

நாற்பத்தோரு கடைக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பாக்கி முருகேஸ்வரி ஒருத்திதான். பழைய துறைமுகத்துக்குப் போகிற தெருவை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டுகிறார்களாம். எதிர்வரிசையில் முதல் கட்டடம் கண்ணாடியும் ஏசியுமாக எழும்பியாகிவிட்டது. அடுத்தது அவள் கடை இருக்கிற வரிசை. அவளுக்கு ஒதுக்கியது இரண்டாம் மாடியில் பத்துக்குப் பத்து அறை. தெருவில் வாசல் இல்லாமல் கயிற்றுக் கடையா? இதை வரைந்த மகராசன் ஆயுசில் ஒரு முழம் கயிறு வாங்கியிருக்க மாட்டான்.

கட்டுகிற கம்பெனியின் மேலாளர் டேவிட்சன், நாசரேத்துக்காரர், தன்மையான மனுஷன். வாய்நிறையத் திட்டக்கூட இடம் கொடுக்க மாட்டார். அதில்தான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"அக்கா, எதிர்த்த கட்டடத்து மாடியில மாதிரிக் கடை ரெடியா இருக்கு. ஒரு நாள் வியாபாரம் பண்ணிப் பாருங்க. அப்புறம் கையெழுத்தப் பத்திப் பேசுவோம்."

"சரி தம்பி, வாரேன்."

சனிக்கிழமை காலையில் தன் கடையைப் பூட்டிவிட்டு, ஒரு சுருள் நங்கூரக் கயிற்றை மாடியேற்றினாள். கம்பெனி விளம்பரத்துக்குப் போட்டோ பிடிக்க ஆள் நின்றான். விசைப்படகுக்காரர் மச்சாது அவளைத் தேடி மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"ஏளா, இங்கன எதுக்கு வந்து உக்காந்திருக்க? எனக்கு நங்கூரத்துக்கு இருநூறு மீட்டர் வேணும்."

கடலுக்குப் போகிறவர்கள் சுருட்டிய கயிற்றை அப்படியே வாங்க மாட்டார்கள். நுனியிலிருந்து நுனிவரை நீட்டிப் போட்டு, ஒட்டு இருக்கிறதா, பிரி விட்டிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். நடுக்கடலில் அறுந்தால் யார் பதில் சொல்வது? இதற்காகவே அந்தத் தெருவில் லாரிகூட ஒதுங்கி நிற்கும்.

"இழுங்க அண்ணாச்சி," என்றாள் முருகேஸ்வரி.

மச்சாது இழுத்தார். மாடி நடைபாதை முப்பதடியில் முடிந்துபோனது. கயிறு படியிறங்கியது, வரவேற்பறை சோபாவைச் சுற்றியது, டீ குடித்துக்கொண்டிருந்தவர்களின் கால்களைத் தூக்க வைத்தது. போட்டோக்காரன் தடுக்கி விழுந்தான்.

"அக்கா, என்ன இது?" டேவிட்சன் பின்னாலேயே ஓடி வந்தார்.

"வியாபாரம் தம்பி. நீங்கதான பண்ணிப் பாக்கச் சொன்னீங்க."

காவலாளி கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டார். கயிறு தெருவைத் தாண்டி, கடைகளின் ஓரமாகவே போய், அவளுடைய பூட்டிய கடையின் படியில் முடிந்தது. கடைக்காரர்கள் வெளியே வந்து சிரித்தார்கள். இரும்புச் சங்கிலி விற்கிற செந்தூர்வேல் மட்டும் சிரிக்கவில்லை.

"நானும் சங்கிலிய இப்படித்தான நீட்டிக் காட்டணும். எந்தப் புத்தியில கையெழுத்துப் போட்டேன்?" என்றார். பக்கத்தில் நின்றவர்களின் சிரிப்பும் நின்றுவிட்டது.

முருகேஸ்வரி கயிற்றைத் தடவிக்கொண்டே நடந்து வந்து படியில் ஏறி நின்றாள்.

"கயிறு முடியுத இந்த எடத்துல, தெருவப் பாத்து எனக்கு வாசல் வச்சு வரைஞ்சு கொண்டாங்க தம்பி. அப்பம் கையெழுத்துப் போடுதேன். அதுவரைக்கும் என் கடையில ஒரு செங்கலத் தொட விட மாட்டேன்."

"நானும்தான்," என்றார் செந்தூர்வேல். "எங்க என் பேப்பரு? திருப்பிக் கொண்டாங்க."

டேவிட்சன் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார், தெருவில் கிடந்த கயிற்றைப் பார்த்தார்.

"ஒட்டு இல்லளா, நல்ல கயிறு. எடுத்துக்கிடுதேன்," என்றார் மச்சாது.

முருகேஸ்வரி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தன் கடையைத் திறந்தாள்.