ஸ்வெட்டருக்குச் சொன்ன விலை

சசிரேகா கழிப்பறைக்குப் போய்த் திரும்பிய கால் மணி நேரத்துக்குள் அவளுடைய நீல ஸ்வெட்டர் நூற்றைம்பது ரூபாய்க்குப் போயிருந்தது. விற்றவன் அவள் கணவன் வெற்றிச்செல்வன்.

"வித்துப்போட்டேன் புள்ள!" என்றான் முகமெல்லாம் சிரிப்பாக. "காலைல இருந்து ஒண்ணுகூடப் போகலைன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தியே. வாங்குன அம்மா கோயமுத்தூர்ல குழந்தைங்க துணிக்கடை வெச்சிருக்குதாம். இதே மாதிரி இன்னும் இருபது வேணுமாம். சரின்னு சொல்லிட்டேன்."

"என்ன வெலைக்குங்க?"

"அதே நூத்தம்பதுதான்."

அவன் நீட்டிய ரூபாயை அவள் வாங்கவில்லை. அந்த ஸ்வெட்டருக்கு அவள் வைத்திருந்த விலை முந்நூற்று இருபது.

அது இரண்டாயிரமாவது வருட மே மாதம். குன்னூர் பக்கத்து ஜெகதளாவில் அவர்களுக்கு ஒரு ஏக்கர் தேயிலை இருந்தது. நல்ல காலத்தில் கிலோ பதினைந்துக்குக் குறையாமல் போன பச்சைத்தேயிலை நாலு ரூபாய்க்கு இறங்கி, பறிக்கிற கூலிக்கே கட்டாமல் போயிற்று. சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் சசிரேகா குன்னூர் பூங்கா வாசலில் சாக்கு விரித்து, தான் பின்னிய குழந்தை ஸ்வெட்டர்களை அடுக்கி உட்கார்ந்தாள். முதல் வருடம் கேட்ட விலைக்கெல்லாம் கொடுத்தாள். கையில் எதுவும் நிற்கவில்லை. இந்த வருடம் நிதானமாக யோசித்துத்தான் விலை வைத்தாள். நூலுக்கு எண்பது. ஒன்றைப் பின்னி முடிக்க முழுசாக நாலு நாள். நாளுக்கு அறுபது ரூபாய் கூலி. எஸ்டேட்டில் கொழுந்தெடுக்கிற பெண்ணுக்கே அதைவிடக் கூடுதல்.

அந்த விலையைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். பக்கத்து வரிசையில் மெஷின் ஸ்வெட்டர் நூற்றிருபதுக்குக் கிடைக்கிறதே என்றார்கள். "அது மெஷினுங்க, இது கை" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. ஆனாலும் விலையை இறக்கவில்லை. மூன்று பேர் பேரம் பேசாமல் வாங்கிப் போயிருந்தார்கள். நாலாவது ஆளும் வருவார் என்று நம்பினாள்.

"ஏனுங்க, போன மாசம் எதுக்கு ரோட்டுல மறியல்னு போய் உக்காந்தீங்க?"

"எதுக்கா? நம்ம எலைக்கு நம்மளக் கேக்காம ஃபேக்டரிக்காரன் வெலை போடறான். கேக்க வேண்டாமா?"

"நான் பின்னுனதுக்கு வெலை போடறப்ப என்னையக் கேட்டீங்களா?"

வெற்றிச்செல்வன் திகைத்தான். பிறகு குரலை உயர்த்தினான். "எலையும் இதும் ஒண்ணா? அதுக்கு உரம் வெக்கோணும், கவாத்துப் பண்ணோணும், ஆள் வுடோணும். இது ஊட்டுல சும்மா உக்காந்து பின்னறதுதானே?"

சும்மா. மிச்சத்தைச் சாக்கில் கட்டினாள். ஜெகதளா பஸ்ஸில் அவனுக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், கடைக்கார அம்மா கொடுத்துவிட்டுப் போன கார்டைப் பார்த்து நம்பரைச் சுழற்றினாள். கடைக்கார அம்மாவின் பெயர் பங்கஜம். தன்மையாகத்தான் பேசினாள்.

"உங்க ஊட்டுக்காரரு சரின்னாருங்களே?"

"அவருக்குத் தெரியாதுங்க. முந்நூத்தி இருவதுங்க."

"அத்தனை கொடுத்தா நான் என்ன வெலைக்கு விக்கறதுங்க? கடை வாடகை இருக்குது, கரண்டு இருக்குது, ரெண்டு பொண்ணுகளுக்குச் சம்பளம் இருக்குது."

"அதெல்லாம் சேத்துத்தானுங்க நீங்க வெலை போடறீங்க. என்ற கூலிய மட்டும் சேக்கக் கூடாதுங்களா?"

"கோவிச்சுக்காதீங்க. மெஷின் ஸ்வெட்டரே நூத்திருவதுக்கு எறங்குது."

"அப்ப அதையே வாங்கிக்குங்க!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். இருநூற்றைம்பது என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் போனை வைத்தாயிற்று.

"மூவாயிரம் ரூவாயக் கையால தள்ளிவுட்டுட்டே" என்றான் வெற்றிச்செல்வன். எண்பது நாள் உழைப்பில் நூலுக்குப் போக நிற்பது ஆயிரத்து நானூறு என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "ஆயிரத்து நானூறு வேண்டாங்கற நெலமைலயா இருக்கறோம்?" என்று அவன் திருப்பிக் கேட்டான். அவன் கேட்டதும் நியாயம்தான். அதுதான் அவளை இன்னும் எரிச்சலூட்டியது.

பத்து நாள் கழித்து, கீழ்த்தெரு பாலாமணி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பூங்கா வாசலில் குல்லா விற்பவள். பைக்குள் பாதி பின்னிய நீல ஸ்வெட்டர்.

"கழுத்து மட்டும் எப்படிப் போட்டாலும் சுருங்குதுக்கா. கொஞ்சம் பாத்துச் சொல்லு."

"யாருக்கு இது?"

பாலாமணி தரையைப் பார்த்தாள். "கோயமுத்தூர் கடைக்காரம்மாக்குத்தான். போன ஞாயித்துக்கெழமை வந்து கேட்டாங்க. ஒண்ணு நூத்தி முப்பதுன்னு இருபதுக்கு ஒத்துக்கிட்டேன்."

சசிரேகாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒண்ணுக்கு எத்தன நாள் ஆவுது உனக்கு?"

"அஞ்சு நாள்."

"நூலு போக நாளுக்குப் பத்து ரூவா பாலாமணி! பத்து ரூவா! நீ இப்படிக் கொடுத்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு முந்நூத்தி இருவது கேக்கறது?"

"தெரியும்க்கா. ஃபேக்டரி வாரத்துக்கு மூணு நாள்தான் ஓடுது. என்ற ஊட்டுக்காரரு மீதி நாளெல்லாம் ஊட்லதான். பத்து ரூவான்னாலும் அது வருதில்ல? நான் மாட்டேன்னா எங்கூடக் குல்லா விக்கற கருப்பம்மா ஒத்துக்குவா."

அந்த ஸ்வெட்டரை அப்படியே பிரித்து உருட்டி அவள் கையில் கொடுத்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் கண் கழுத்துப் பக்கம் போனது. தோள்பட்டையில் கண்ணிகளைக் குறைத்த விதம் தப்பு. ஊசியைப் பிடுங்கி எட்டு வரிசையைப் பிரித்தாள். சரியாகப் பின்னிக் கொடுத்தாள். வந்தவளை டீ குடிக்கச் சொல்லவில்லை.

மழை தொடங்கி சீசன் முடிகிற வரை சசிரேகா பூங்கா வாசலுக்குப் போனாள். முந்நூற்று இருபதுக்கு மேலும் இரண்டு போயின. வெற்றிச்செல்வன் அவளோடு வந்தாலும் சாக்குப் பக்கமே வருவதில்லை. எதிர்ப்பக்கம் நின்று பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பரில் பாலாமணி மறுபடி வந்தாள். இருபதையும் எடுத்துக்கொண்ட பங்கஜம் இன்னும் முப்பது கேட்கிறாளாம், ஆனால் மொத்தமாக என்பதால் நூற்றிருபதுக்கு. விரல் முட்டெல்லாம் பாலாமணிக்கு வீங்கியிருந்தது.

"நான் என்னக்கா சொல்லட்டும்?"

"வா" என்று அவளை இழுத்துக்கொண்டு சசிரேகா பூத்துக்குப் போனாள். "முந்நூத்தி இருவதுன்னு சொல்லு. கேக்கலைன்னா வேண்டாம்னு வெச்சிரு. உன்னளவுக்கு அடிமட்ட வெலைக்குப் பின்னிக் கொடுக்க அந்தம்மாவுக்கு வேற ஆள் அகப்படாது."

பாலாமணி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நான் பாலாமணி பேசறனுங்க... வெலை கட்டலீங்க..." சசிரேகாவைப் பார்த்தாள். "நூத்தம்பது போட்டுக் குடுங்கம்மா."

சசிரேகா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் என்னவோ நீளமாகப் பேசினார்கள். பாலாமணி "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிவிட்டுப் போனை வைத்தாள். திரும்பியபோது அவள் முகத்தில் அத்தனை வெளிச்சம்.

"நூத்தி நாப்பதுக்கு ஒத்துக்கிட்டாங்கக்கா! போன தடவையவிடப் பத்து ரூவா ஏத்திட்டேன்! நீ கூட நிக்கலைன்னா எனக்கு வாயே வந்திருக்காது."

திட்டுவதற்காகத் திறந்த வாயைச் சசிரேகா மூடிக்கொண்டாள். போனுக்கான பதினோரு ரூபாயைத் தானே கொடுத்துவிட்டு, மழைக்குத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வேகமாக மேடேறினாள். பின்னால் பாலாமணி, கை அளவு எத்தனை கண்ணி என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தாள்.