இஸ்திரி போட்ட படுக்கை விரிப்பு

அண்ணன் வீட்டில் ஆறு நாள் தங்கிவிட்டு, ஏழாம் நாள் காலை தன் பெண் பொடிசை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். அதற்காகத்தான் அவள் வந்திருந்தாள். கடலோரத்தில் புதிதாகத் திறந்திருந்த பெரிய ஓட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. தங்க இடம் உண்டு. ஓர் அறைக்கு நான்கு பெண்கள், மேலும் கீழுமாகக் கட்டில். பிள்ளைக்கு அங்கே அனுமதியில்லை. ஆறு மாதம் கழித்து வேலை நிரந்தரமானால் தனி வீடு தருவார்களாம். அதுவரை ஐந்தரை வயதுப் பெண்ணை யார் பார்த்துக்கொள்வது? அப்பன்காரன் எங்கே என்கிறீர்களா? அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கதையே நாறிவிடும், விடுங்கள். அண்ணனை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை.

அண்ணன் லிப்ட் பழுது பார்க்கிறவர். இருபது மாடிக் கட்டடத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பயமில்லாமல் வேலை செய்வார்; வீட்டில் ஒரு நாற்காலியை நகர்த்துவதானாலும் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பார். தங்கை கேட்டபோது, "எனக்கென்ன, சந்தோஷந்தான். அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு," என்று நழுவிக்கொண்டார். அண்ணி உடனே சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "முதல்ல ரெண்டு பேரும் வந்து ஒரு வாரம் இருங்க. புள்ள நம்மகூட ஒட்டுதான்னு பாப்போம்," என்றாள்.

பொடிசு யாரோடும் ஒட்டும். சிக்கல் அதுவல்ல. பொடிசு ராத்திரி படுக்கையை நனைக்கும். தினமும். மூன்று வயதில் நின்றிருந்ததுதான். அப்பன்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போன அந்த மாதமே திரும்ப ஆரம்பித்து, இன்றுவரை நிற்கவில்லை.

வந்த அன்று சாப்பிடும்போதே அண்ணியிடம் சொல்லிவிடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வாயைக் கூடத் திறந்துவிட்டாள். அதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். "எதிர் வீட்டுக்காரி போன மாசம் அவ பேரனைக் கூட்டிட்டு வந்தா. நம்ம சோபாவுல உக்காந்து நல்லா ஒண்ணுக்குப் போயிட்டான். என்ன பண்றது? சோபாவையே தூக்கிப் போட்டுட்டேன்!" அண்ணன் சிரித்தார். அண்ணியும் சிரித்தாள். அவளும் சிரித்துவைத்தாள். பொடிசு யாரையும் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

விடுதியில் தங்கிப் படிக்கும் மகனின் அறையை அண்ணி அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தாள். கட்டிலில் புத்தம் புது மெத்தை. "பாப்பாவுக்குன்னுதான் வாங்கினேன். பழசுல நடுவுல பள்ளம்," என்று அண்ணி அதைத் தட்டிக் காட்டினாள். அதன் மேல் நீலக் கோடு போட்ட விரிப்பு. அவள் அந்த மெத்தையைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

ஆனால் ஒன்று, பழைய ஓட்டலில் எட்டு வருஷம் துணியோடு மாரடித்தவளுக்கா ஒரு விரிப்பு பெரிய விஷயம்? ஊரார் அழுக்கையெல்லாம் வெளுத்தவள். பைக்குள் அடியில், ஓட்டலில் கழித்துப் போட்ட பிளாஸ்டிக் குளியலறைத் திரை ஒன்றை மடித்து வைத்திருந்தாள். கதவைத் தாழிட்டு, அதை மெத்தை மேல் விரித்து, அதற்கு மேல் நீலக் கோட்டு விரிப்பைப் போட்டாள். பிறகு பொடிசின் கையைத் தன் கைமேல் வைத்துக்கொண்டாள்.

"இது நமக்குள்ள. அத்தைகிட்ட, மாமாகிட்ட, யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. தெரிஞ்சா உன்னை இங்க வெச்சுக்க மாட்டாங்க. அப்புறம் அம்மா வேலைக்குப் போக முடியாது. சத்தியம் பண்ணு."

"சத்தியம்," என்றது பொடிசு.

"நாலு மணிக்கு மேல தண்ணி கேக்கக் கூடாது."

"தாகமா இருந்தா?"

"இருக்காது," என்றாள் அம்மாக்காரி. இப்படியும் ஒரு பதிலா! ஆனால் அவளும்தான் என்ன செய்வாள்.

விடிவதற்கு முன்பே அவளுக்கு விழிப்பு வந்துவிடும். பொடிசைத் துடைத்து, உடை மாற்றி, தரையில் விரித்திருந்த தன் படுக்கையில் போட்டுவிட்டு, விரிப்பை உருவிக்கொண்டு குளியலறைக்குப் போவாள். முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீர் பட்டால் வாடை துணியிலேயே தங்கிவிடும் என்பது அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். பிறகு கொஞ்சம் வினிகர், கொஞ்சம் சோப்பு. குழாயை நூலாகத் திறந்துவைத்து, சத்தம் வராமல் அலசுவாள். பெரிய துண்டில் சுருட்டி முறுக்கிப் பிழிந்தால் பாதி ஈரம் போய்விடும். மீதியை இஸ்திரிப் பெட்டி பார்த்துக்கொள்ளும். அண்ணி எழுந்து அடுப்படியில் பாத்திரத்தை உருட்டும்போது கட்டில் சிங்காரமாக இருக்கும். சுருக்கம் ஒன்று இருக்காது. நான்கு மூலையும் ஓட்டலில் செய்வதுபோலக் கடித உறை மடிப்பாக மடித்து மெத்தைக்கு அடியில் இறுகச் செருகியிருக்கும். எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல முடிந்துவிடும்.

நான்காம் நாள் மட்டும் கையும் களவுமாக மாட்டியிருப்பாள். பிழிந்த விரிப்போடு வெளியே வந்தால், எதிரே அண்ணி.

"என்ன இந்நேரத்துக்குத் துவைக்கறே?"

"பழக்கம் அண்ணி. அங்க அஞ்சு மணிக்கே ஷிப்ட். கை சும்மா இருக்க மாட்டேங்குது."

அண்ணி விரிப்பைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தாள். "ம்," என்று மட்டும் சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டாள். தப்பித்தோம் என்று இவள் அறைக்குள் நுழைந்துகொண்டாள்.

தண்ணீர் விஷயத்தில் பொடிசு சொன்ன சொல் தவறவில்லை. மாலையில் மாமா பழச்சாறு வாங்கி வந்தால், "வயிறு நிறைஞ்சிடுச்சு மாமா," என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லும். ராத்திரி பல் தேய்க்கும்போது ஒரே ஒரு தடவை, கொப்பளித்த தண்ணீரில் ஒரு வாய் விழுங்கிவிட்டு, திருட்டு முழி முழித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தது. அவள் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

ஆறாம் நாள் மாலை அண்ணி வாயைத் திறந்தாள். "பாப்பா இங்கயே இருக்கட்டும். பள்ளிக்கூடத்துல பேசிட்டேன். நீ நிம்மதியா போயிட்டு வா." அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கும் கலங்கியது, பார்த்தவர்கள் சந்தோஷம் என்று நினைத்திருப்பார்கள். நாளை ராத்திரி யார் விழித்துக்கொள்வார்கள், யார் விரிப்பை உருவுவார்கள்? ஆறு நாளும் இந்த யோசனை வராமலில்லை. வரும்போதெல்லாம், முதலில் சரி என்று சொல்லட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டாள். இப்போது சரி என்று சொல்லியாகிவிட்டது. பாத்திரம் துலக்கும்போது அண்ணி பக்கத்தில்தான் நின்றாள். சொல்லவில்லை. அண்ணி பொடிசுக்குத் தலை பின்னிவிடும்போது எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். சொல்லவில்லை.

மறுநாள் காலை பையைக் கட்டும்போது அந்தப் பிளாஸ்டிக் திரை கையில் வந்தது. அதை மெத்தை மேல் விட்டுப் போனால் அண்ணி கண்ணில் படும். எடுத்துப் போனால் பிள்ளைக்கு அடியில் விரிக்க ஒன்றுமில்லை. கட்டிலோரம் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். அவள் பட்ட பாடெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் இந்த ஒன்றுக்காக அவளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பொடிசு விழித்துக்கொண்டு பார்த்தபடி இருந்தது. "அது எனக்கு வேணாமாம்மா?"

"வேணாம்டி. நீ இனிமே பெரிய பொண்ணு. நனைக்க மாட்ட. இல்ல?"

பொடிசு கொஞ்சம் யோசித்துவிட்டு, "நனைக்க மாட்டேன்," என்றது.

ஓட்டலின் துணிப் பிரிவு நிலத்தடியில் இருந்தது. எட்டு மெஷின்கள் ஒன்றாகச் சுற்றும்போது பக்கத்தில் நிற்பவள் பேசுவதும் கேட்காது. கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான். கடைசி மெஷினுக்கும் பின்கதவுக்கும் நடுவில். மாலை நாலரைக்குப் பத்து நிமிஷ ஓய்வு. வேலைக்குச் சேர்ந்த நான்காம் நாள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு அங்கே நின்று பேசினாள். எந்த நிமிஷம் இடி விழுமோ என்று இருந்தவளிடம் அண்ணி, "உம் பொண்ணு தங்கம்! ஒரு தொந்தரவு கிடையாது," என்றாள். படுக்கையைப் பற்றிப் பேச்சே இல்லை. நின்றுவிட்டது போலிருக்கிறது என்று அவள் நம்பினாள். நம்ப வேண்டும்போல் இருந்தது, நம்பிவிட்டாள். அன்றுதான், வந்ததிலிருந்து முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டாள்.

பதினோராம் நாள் அதே ஓய்வு நேரத்தில் அண்ணியே கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"டீச்சர் வரச் சொன்னாங்க. பாப்பா வகுப்புல உக்காந்தபடியே தூங்கி விழறாளாம். நேத்து பெஞ்சுலேர்ந்து விழுந்து நெத்தியில வீங்கிடுச்சு. டாக்டர்கிட்ட காட்டினேன். உடம்புல தண்ணியே இல்லன்னு திட்டறார். உதடெல்லாம் வெடிச்சிருக்கு. நான் டம்ளர்ல குடுத்தா குடிச்சேங்குறா. பாத்தா ஜன்னல் வழியா கொட்டியிருக்கா. அவளுக்கு என்னடி ஆச்சு?"

"அவகிட்ட குடுங்க அண்ணி."

போன் கை மாறியது. பொடிசின் மூச்சு கேட்டது. பிறகு வாயை ஒட்டவைத்துக்கொண்டு கிசுகிசுத்தது. "அம்மா, நான் ஒரு நாள்கூட நனைக்கல."

"ராத்திரி தூங்கறியாடி?"

"தூங்கினாதானே வரும்? நான் உக்காந்தே இருக்கேன். தூக்கம் வந்தா கிள்ளிக்குவேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். பத்து ராத்திரி! ஐந்தரை வயசுப் பிள்ளை, இருட்டில், தனியாக, கட்டிலில் உட்கார்ந்திருக்கிறது. அம்மாவின் வேலைக்குக் காவல் இருக்கிறது. படுபாவி, நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். வேலை போனால் போகட்டும், யார் தூக்கியெறிந்தாலும் எறியட்டும் என்று அப்போதுதான் அவளுக்கு வாய் திறந்தது. போனை மறுபடி அண்ணியிடம் கொடுக்கச் சொல்லி, ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள்.

மறுமுனையில் அண்ணி போனோடு வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எனக்கு ரெண்டாம் நாளே தெரியும்," என்றாள் அண்ணி.

"அண்ணி..."

"எங்க வீட்டுல யாருடி படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போடறா? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல நான் போட்டதில்ல. நீ என்னடான்னா தினம் தினம் ஓட்டல் ரூம் மாதிரி மூலை மடிச்சு வெச்சிருக்க. கண்ணு பொட்டையா எனக்கு? நீயே சொல்லுவ, சொல்லுவன்னு பாத்தேன். நீ போன அப்புறம் மெத்தை காஞ்சே இருந்துது. சரி, நின்னுடுச்சு போலன்னு நானும் கேக்காம விட்டுட்டேன்."

"அன்னிக்கு சோபாவைத் தூக்கிப் போட்டேன்னீங்களே..."

"அது ஸ்பிரிங் வெளிய வந்த சோபாடி! புதுசு வாங்க உங்க அண்ணன்கிட்ட எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்துது." அண்ணியின் குரல் உடைந்தது. "என்னை அவ்வளவு ராட்சசின்னா நெனச்சுட்ட? இப்ப நான் என்ன சொன்னாலும் அவ கேக்க மாட்டேங்குறா. தண்ணி குடுத்தா உதட்டை இறுக்கிக்கிறா. நீதான் பூட்டின, நீயே தொற. சொல்லு அவகிட்ட."

போன் மறுபடி கை மாறியது. அந்நேரம் பார்த்து எட்டு மெஷினும் பிழியும் சுற்றுக்கு வந்து கிறீச்சிட்டன.

"தண்ணி குடிடி செல்லம்," என்றாள்.

"என்னம்மா? கேக்கல."

"தண்ணி குடி! ராத்திரி படுத்துத் தூங்கு!"

"கேக்கலம்மா."

அவள் எழுந்து நின்றாள். இத்தனை நாளும் பிள்ளையின் காதுக்குள் மட்டும் ஊதிய விஷயத்தை, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "படுக்கையை நனைச்சுக்கோடி! ஒண்ணும் ஆகாது! நனைச்சுக்கோ! அம்மா சொல்றேன்!"

துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேற்பார்வைக்காரர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

"அத்தை திட்ட மாட்டாங்க! சத்தியம் எல்லாம் போச்சு! கேட்டுச்சா?"

கேட்டிருக்கும். பிறகு பொடிசின் குரல் வந்தது, வெடித்த உதட்டைப் போனில் ஒட்டவைத்துக்கொண்டு, முன்னைவிட மெதுவாக.

"அம்மா, கத்தாத. அத்தைக்குக் கேட்டுடும்."