எங்கும் விழாத ஆறு அங்குலம்

மார்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்டோபர் முதல் வாரம், புதன்கிழமை பிற்பகல். அமெரிக்காவில், டகோட்டா மேய்ச்சல் நாட்டின் அந்த வானிலை அலுவலகத்தில் அவள் முன்னால் இரண்டு திரைகள். ஒரு கணினிக் கணிப்பு, வெள்ளிக்கிழமை மூன்று அடிப் பனி கொட்டும் என்றது. மற்றது, புயல் தெற்கே நழுவிவிடும், இங்கே வெறும் மழைதான் என்றது. மேலாளர் லைல் இரண்டையும், கூடவே மழைக் கட்சியில் சேர்ந்த நாலைந்து சில்லறைக் கணிப்புகளையும் ஒன்றாகக் கலக்கிச் சராசரி எடுத்து, ஆறு அங்குலம் என்று போடச் சொன்னார்.

"ஆறுன்னு எந்தக் கணிப்பு சொல்லுது லைல்? ஒண்ணே ஒண்ணைக் காட்டுங்க பாப்போம்."

"எதுவும் சொல்லல. சராசரின்னா பெரிய தப்பு வராது, அவ்வளவுதான். பக்கத்து ஆபீஸ்லயும் அஞ்சு போட்டிருக்காங்க. எல்லைக்கோட்டைத் தாண்டினதும் முப்பத்தாறுன்னு குதிச்சா வரைபடம் அசிங்கமா இருக்கும்."

"உங்க வரைபடம் லட்சணமா இருக்கறதுக்கு மாடு சாகணுமா?"

"போன வருஷம் இப்படித்தான் பயமுறுத்தினீங்க. என்ன வந்துச்சு? தூறல். பண்ணைக்காரங்க இன்னும் என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க."

மாடுகள் அப்போதும் கோடைக்கான மேய்ச்சல் நிலத்தில், மரமே இல்லாத மேட்டில் நின்றன. குளிர்காலத்து அடர்ந்த ரோமம் இன்னும் முளைக்கவில்லை. முதலில் மழையில் தோல் வரைக்கும் ஊறி, அதன்மேல் பனியும் காற்றும் அடித்தால் எந்த மாடு தாங்கும்? ஓடைக்கரை மரங்களுக்குள் இறக்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். இறக்க முழுசாக இரண்டு நாள் வேண்டும். ஆறு அங்குலத்துக்காக அந்த ஊரில் ஒருத்தனும் குதிரைமேல் ஏற மாட்டான்.

இதெல்லாம் லைலுக்கும் தெரியும். தெரிந்தும் அந்த மனுஷருக்கு வரைபடம்தான் பெரிதாகப் போயிற்று. மார்லிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு என்று தட்டினாள். அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் அவள் விரல்தான்.

நாலு மணிக்கு அவள் தம்பி வெர்லின் ஃபோன் செய்தான்.

"அக்கா, ஆறுன்னு பாத்தேன். ஆறுன்னா தொப்பில விழுந்த பனியைத் தட்டிட்டுப் போயிடலாம். இருந்தாலும் மனசு கேக்கல. முந்நூறு மாட்டையும் ஓடைக்கு இறக்கட்டுமா? இப்பவே கிளம்பினா வெள்ளி மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுவேன்."

"ஆறுதான் போட்டிருக்கு."

"போட்டது தெரியுது. நீ என்ன சொல்ற?"

பக்கத்து மேஜையில் லைல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கு ஒன்று, உடன்பிறந்தவனுக்கு ஒன்று சொல்லக் கூடாது என்பது அலுவலக விதி. நியாயமான விதிதான், தம்பி மாட்டின் உயிர் அடுத்தவன் மாட்டின் உயிரைவிட உசத்தியா? ஆனால் ஊருக்குச் சொன்னதே பொய்யாக இருந்தால் அந்த விதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"அதேதான்," என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை மழை. பிறகு பனி. சனிக்கிழமை முழுக்கக் காற்று ஊளையிட்டது. காற்றுக்கு முதுகைக் காட்டியபடி மாடுகள் நடந்தன. வேலிகளை மிதித்துச் சாய்த்துக்கொண்டு, கண் தெரியாமல், மைல் கணக்காக நடந்து பள்ளங்களில் விழுந்தன.

ஞாயிறன்று சாலை திறந்த இடம் வரை வண்டியில் போய், அதற்கப்பால் இடுப்பளவு பனியில் மார்லிஸ் நடந்தாள். வெர்லின் ஒரு பள்ளத்துக்குள் இருந்தான். நாலைந்து பண்ணைகளின் மாடுகள் அங்கே கலந்து செத்துக் கிடந்தன. எது யாருடையது என்று தெரிவதற்காகக் காதிலிருந்த அடையாளப் பட்டைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். அவள் கையில் பனி அளக்கும் கோல் இருந்தது. இருபது வருஷப் பழக்கம், எடுத்து வந்துவிட்டாள்.

அதை வெடுக்கென்று பிடுங்கி, செத்த மாட்டின் பக்கத்தில் ஓங்கிக் குத்தினான். மூன்றடிக் கோல் முழுசாக உள்ளே போய்விட்டது.

"உங்க ஆறு அங்குலம் எங்க விழுந்துச்சு? காட்டு. எவன் காட்டுல விழுந்துச்சுன்னு காட்டு!"

லைல் பெயரைச் சொல்லலாம். விதியைச் சொல்லலாம். சொல்ல நாக்கு கூசியது.

"அது எங்கயும் விழாதுன்னு எனக்குத் தெரியும்டா," என்றாள். "புதன்கிழமையே தெரியும்."

 வெர்லின் இடுக்கியை எடுத்துக்கொண்டு அடுத்த மாட்டிடம் போனான்.