கார்டு மறுக்கப்பட்ட காரணம்

சியோலின் அந்த எலும்பு சூப் கடையில் மதியக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது ஜின்சொக் தன் கார்டை மெஷினில் செருகினான். கடைகளின் கார்டு மெஷினுக்காகத் தாங்கள் எழுதும் மென்பொருளில் புது வங்கி ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம், ஆபீசுக்குக் கீழே இருக்கிற இந்தக் கடையில் யாராவது சொந்த கார்டைத் தேய்த்துப் பார்ப்பது டீமின் வழக்கம். இந்த வங்கியின் கார்டு அவனிடம் மட்டும்தான் இருந்தது. அதுவும் மனைவி ஒக்ஜுவின் கணக்கில் அவனுக்கென்று வாங்கிய துணை கார்டு.

ஒக்ஜு கோபித்துக்கொண்டு தேஜன் நகரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் மூன்று மாதமாயிற்று. போனை எடுப்பதில்லை. ஆனால் கார்டை மட்டும் நிறுத்தவில்லை. பாவம், தினமும் அதில் ஒரு காபியாவது வாங்கிவிடுவான். கார்டு வேலை செய்துவிட்டால் அவளே தலையாட்டிய மாதிரி இருக்கும். இன்னும் முழுசாய் முறித்துக்கொள்ளவில்லை, வந்துவிடுவாள் என்று மனதைத் தேற்றிக்கொள்வான். ஆபீசில், மாமியாருக்கு உடம்பு சரியில்லை, அதனால் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தான்.

மெஷின் கூவியது. சீட்டு வெளியே வந்தது.

கார்டை மறுக்கும்போது வங்கிகள் காரணத்தை ஒரு எண்ணாகத்தான் அனுப்பும். முன்பெல்லாம் எல்லா எண்ணுக்கும் சீட்டில் 'வங்கியை அணுகவும்' என்று ஒரே மழுப்பல்தான். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்று டீம் லீடர் நம்குங் கத்தியதால், எண்ணுக்கு எண் வாசகம் எழுதியவனே ஜின்சொக்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம்குங் சீட்டை மெஷினிலிருந்து கிழித்தெடுத்துக் கடைக்கே கேட்கும்படி வாசித்தார்.

"'முதன்மை உறுப்பினர் இந்தத் துணை கார்டை ரத்து செய்துவிட்டார்.' அடப்பாவி! மாமியாருக்கு உடம்பு சரியில்லைன்னியே? உன்னையில்ல கழட்டி விட்டிருக்கா!"

டீம் உட்கார்ந்திருந்த மேசையே சிரித்தது.

"நேத்துகூட வேலை செஞ்சுது சார்..."

"அப்ப இன்னிக்குக் காலையில முடிவு பண்ணியிருக்கா. ஒரு விதத்துல நல்லதுய்யா. இந்த மறுப்பை டெஸ்ட் பண்ண வங்கிக்காரன் கார்டே தரல. இது வங்கிக்கு ஒரு நெட்வொர்க் வழியாப் போச்சு. இன்னொரு நெட்வொர்க்குக்கு மாத்திப் போடு."

"நாளைக்குப் பண்றேனே சார்."

"நாளைக்கு அவ மனசு மாறிட்டா? போடுய்யா!"

போட்டான். எந்த வழியில் போனாலும் போய்ச் சேர்வது அதே வங்கிதான் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யார்? இருந்தும், இந்த நெட்வொர்க்காவது வேறு பதில் கொண்டுவராதா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. வெட்கங்கெட்ட மனம்.

சீட்டு வந்தது. அதே வாசகம், அவன் எழுதியபடியே.

"டெஸ்ட் பாஸ்!" என்றார் நம்குங். டீம் கைதட்டியது. ஜின்சொக் சீட்டை உள்ளங்கையில் கசக்கினான்.

"ஏய், கசக்காதே! ரிப்போர்ட்ல ஒட்டணும்."

சூப் சிந்தாத இடமாகப் பார்த்து அதை மேசைமேல் வைத்து, கட்டைவிரலால் நீவத் தொடங்கினான்.