விற்றவருக்குக் கயிறு

மாட்டை விற்றுக் கேமரா வாங்கப் போகிறவன் மாட்டுத் தரகரைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. இது எனக்கு இப்போது தெரியும். இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆவணி மாதம் அந்த வியாழக்கிழமை காலையில் தெரியவில்லை.

உசிலம்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு ஒரு ஸ்டுடியோ. தங்கப்பாண்டி ஸ்டுடியோ என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். பதினாறு வருஷமாகப் பிலிம் கேமராவில் காதுகுத்து, கல்யாணம் என்று எடுத்துப் பிழைப்பு ஓடியது. அந்த வருஷம் தேனி ரோட்டில் ஒருவன் டிஜிட்டல் என்று போர்டு மாட்டினான். எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே காட்டுகிறானாம். அதற்கப்புறம் என்னிடம் வந்தவர்கள் எல்லாரும், நான் பட்டனை அமுக்கியதும் ஓடிவந்து என் கேமராவின் முதுகைப் பார்த்தார்கள். முதுகில் ஒன்றும் இல்லை. ஒரு மணப்பெண், மாலையும் கழுத்துமாக, "அப்ப எடுத்தீங்களா, எடுக்கலையாண்ணே?" என்று கேட்டேவிட்டாள்.

வேறு வழியில்லை, டிஜிட்டல் வாங்கித்தான் ஆகவேண்டும். கையிலிருந்த பணம் பாதிக்குத்தான் காணும். மீதிக்கு வீட்டில் சிட்டு இருந்தாள். சிட்டு என்பது பசு. செவலை நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. என் மனைவி மீனாவுக்குப் பிறந்த வீட்டில் சீராகக் கொடுத்த கன்று, வளர்ந்து இரண்டு ஈத்து ஈன்றிருந்தது. விற்கலாமா என்று கேட்டேன். "வித்துக்கங்க" என்றாள் மீனா. அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. அந்த வியாழக்கிழமையோடு ஒன்பது நாள். சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், வாய் மட்டும் திறக்கமாட்டாள். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். இது எனக்குச் சோறு இறங்காமல் செய்தது. வாங்கி வரும் பொருளைப் பார்த்தாவது அவள் மனசு ஆறவேண்டும் என்று வேண்டாத தெய்வம் இல்லை.

மாட்டை விற்றுக் கொடுத்தவர் மீனாவின் அண்ணன் காசிமாயன். முப்பது வருஷமாக மாட்டுச் சந்தையில் தரகு. கேமரா வாங்கவும் தானே வருவேன் என்று நின்றார்.

"மாடு எங்க வீட்டுச் சீரு மாப்ள. அது போன எடத்துக்கு என்ன வருதுன்னு நான் பாக்க வேணாமா? நாளைக்குத் தங்கச்சி என்னையத்தான கேப்பா?"

நியாயம்தான். எப்போது பார்த்தாலும் நியாயமாகப் பேசுவதுதான் அவரிடம் உள்ள கெட்ட பழக்கம்.

மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுனுக்குள் ஒரு சந்தில் இருந்த கேமராக் கடைக்குப் போனோம். பழசும் விற்பார்கள், புதுசும் விற்பார்கள். முதலாளி ராஜாராம், அறுபது வயதுச் சௌராஷ்டிரக்காரர், வெள்ளைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் மகன் கிரிதரன் கல்லாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தான். என் கையிருப்பைச் சொன்னதும் ராஜாராம் உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வைத்தார்.

"புதுசு உங்களுக்குக் கட்டாது. இது ஒரு டாக்டர் வச்சிருந்தது. மயில் படம் எடுக்கணும்னு ஆசைப்பட்டு வாங்கினார். மயில் நிக்கலை. ஒரே வருஷத்துல திருப்பிக் குடுத்துட்டார்."

எனக்குக் கை பரபரத்தது. மச்சான் என் கையைத் தட்டிவிட்டார். தொடாமல் கேமராவைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மேஜை சுவரோடு ஒட்டி இருந்ததால் முக்கால் சுற்றுதான் முடிந்தது. பிறகு லென்ஸுக்கு நேரே குனிந்து பார்த்தார்.

"உள்ள ஒரு ஆளு தலைகீழா நிக்கிறான் மாப்ள."

"அது நீங்கதான் மச்சான்."

நம்பாமல் மீசையைத் தடவினார். உள்ளே இருந்தவனும் தடவினான். "சரி, நிழல்ல கட்டுனா எல்லா மாடும் நல்லாத்தேன் தெரியும். வெயிலுக்குக் கொண்டாங்க" என்றார்.

ராஜாராம் மகனைப் பார்த்துத் தங்கள் வீட்டுப் பேச்சில் ஏதோ சொன்னார். கிரிதரன் விருட்டென்று வெளியே ஓடினான். மச்சானுக்குக் காது விடைத்துக்கொண்டது. சந்தையில் இரண்டு பேர் புரியாத பேச்சுப் பேசினால் மூன்றாவது ஆளுக்கு நாமம் என்பது அவர் அனுபவம். உடனே பதிலுக்கு என்னிடம் தரகர்களுக்குள் பேசிக்கொள்ளும் சங்கேதப் பேச்சில் என்னவோ சொன்னார். எனக்கு ஒரு எழுத்துப் புரியவில்லை. தலையை ஆட்டி வைத்தேன். மூன்று நிமிஷம் கழித்துக் கிரிதரன் இரண்டு காபியோடு வந்தான். ராஜாராம் ரகசியமாகச் சொன்னது அதுதான்.

காபி குடித்துவிட்டு நாலு பேரும் கேமராவை வெயிலுக்கு ஓட்டிக்கொண்டு வந்தோம். மச்சான் அதை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்தார், செல்போனில் படம் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறார். பின்னால் இருந்த சின்னத் திரை கறுப்பாகக் கிடந்தது. அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார். முகம் சிவந்துவிட்டது.

"ஏன் முதலாளி, கண்ணு தெரியாத மாட்டை என் தலையில கட்டப் பாக்குறீகளா?"

"அண்ணே, இது அந்த மாதிரி இல்லை. மேல உள்ள ஓட்டையில கண்ணை வச்சுப் பாருங்க. எடுத்த பெறகுதான் திரையில படம் வரும்" என்றான் கிரிதரன்.

மச்சான் கண்ணை வைத்தார். பட்டனை அமுக்கினார். டப் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துப்போயிற்று, இன்னும் நாலு தடவை அமுக்கினார். வந்த படத்தில் அரை ஆட்டோவும் கிரிதரனின் இடது காதும் இருந்தன. கிரிதரன் ஒரு பட்டனைத் தட்டித் தட்டிக் காதைப் பெரிசாக்கிக் காட்டினான்.

"ஏ அப்பா! காதுல மயிரு ஒண்ணொண்ணாத் தெரியுது மாப்ள! பார்வை சுத்தம். சரி, எத்தனை பல்லு?"

கிரிதரன் என்னைப் பார்த்தான். வயசைக் கேட்கிறார் என்றேன். பையன் கெட்டிக்காரன். கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்து, இதுவரைக்கும் ஆறாயிரம் படம்தான் எடுத்திருக்கிறது, ஐம்பதாயிரம் வரைக்கும் தாங்கும் என்றான். மச்சான் விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

"அப்ப ரெண்டு பல்லுதேன். எளங்கன்னு. எம்புட்டுக் கறக்கும்?"

"கார்டுக்கு முன்னூறு படம் மச்சான்" என்றேன். எனக்குத் தலைவலி ஆரம்பித்திருந்தது.

"தீனி?"

"பேட்டரிக்கு ரெண்டு மணி நேரம் கரண்டு."

"உதைக்குமா?"

"மழையில நனைஞ்சா ஷாக் அடிச்சாலும் அடிக்கும்" என்று ராஜாராம் சொன்னார். அவருக்கு இந்த வியாபாரம் ருசிக்க ஆரம்பித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கோ மானம் போய்க்கொண்டிருந்தது. அடுத்த கடைக்காரர்கள் படியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

விலை இருபத்தாறாயிரம் என்றார் ராஜாராம். மச்சான் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, ராஜாராமின் வலது கையையும் தன் கையையும் சேர்த்து மூடினார். சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். துண்டுக்குள் எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை ஆயிரம் குறை என்று அர்த்தம். சம்மதம் என்றால் மற்றவர் திருப்பி அழுத்துவார். மச்சான் மூன்று விரலைப் பிடித்தார். ராஜாராமுக்கு இந்த முறை எங்கே தெரியும்? கை கொடுக்கிறார் என்று நினைத்து, மரியாதையாக, இறுக்கிப் பிடித்துக் குலுக்கினார்.

மச்சான் துண்டை உருவினார். "முடிஞ்சிருச்சு! இருபத்துமூணு!"

"நான் ஒண்ணுமே சொல்லலையே! கைதான குடுத்தேன்!"

"அதைத்தேன் நானும் சொல்றேன். குடுத்த கையைத் திரும்ப எடுக்கலாமா முதலாளி?"

விஷயத்தை நான் விளக்கியதும் ராஜாராம் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கீழே விழுந்தது. கிரிதரன் பொறுக்கிக் கொடுத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "ரெண்டு விரலுக்கு ஒத்துக்கறேன். மூணாவது விரல் வழுக்கிடுச்சு."

இருபத்துநாலாயிரத்துக்கு முடிந்தது. பணத்தைக் கொடுத்தேன். அப்பாடா என்று கேமராவை எடுத்துக் கழுத்தில் மாட்டப் போனேன். மச்சான் தடுத்தார்.

"கயித்தை அவுத்துக்கங்க முதலாளி."

"எந்தக் கயிறு?"

கேமராவின் பெல்ட்டைக் காட்டினார். எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றால் கட்டியிருந்த கயிற்றை விற்றவர் அவிழ்த்து வைத்துக்கொள்வார். வாங்கினவர் புதுக்கயிறு கொண்டுபோக வேண்டும். கயிறும் கூடப் போனால் விற்ற வீட்டின் லட்சுமியும் கூடப் போய்விடும்.

"மச்சான், அது பெல்ட்டு! கேமராவோட சேந்தது!" என்று கத்தினேன்.

"கழுத்துல தொங்குனா கயிறுதேன். அவரு நல்ல மனுசன். அவரு குடும்பம் நொடிக்கிற மாதிரி ஒரு வேலையை நான் செய்யமாட்டேன்."

ராஜாராம் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பெல்ட்டைத் தானே கழற்றி, கண்ணில் ஒற்றி, கல்லாவுக்கு மேலே லட்சுமி படத்தில் மாட்டிவிட்டார். மச்சான் மஞ்சப்பையிலிருந்து புதுக்கயிறு எடுத்தார். வெள்ளை நூல்கயிறு, இரண்டு முனையிலும் சிவப்புக் குஞ்சம். அதைக் கேமராவின் இரண்டு வளையத்திலும் கோத்து, என் கழுத்தில் போட்டு, எந்த மாடும் அறுக்க முடியாத ஒரு முடிச்சுப் போட்டார். பஸ்ஸில் தூசி படாமல் கேமராவை அந்த மஞ்சப்பைக்குள் போட்டு மூடியிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என் நெஞ்சை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பையில என்னண்ணே, குரங்குக் குட்டியா?" என்று கேட்டார்.

வழியில் கருமாத்தூர் வந்ததும் நான் எழுந்துவிட்டேன். சிட்டுவை வாங்கிய நல்லகாமன் வீடு அங்கேதான்.

"வித்த மாட்டைப் போய்ப் பாக்கக் கூடாது மாப்ள. அதுக்கும் ஏக்கம், நமக்கும் ஏக்கம்" என்றார் மச்சான். சொல்லிக்கொண்டே கூடவே இறங்கி டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்.

நல்லகாமன் வீட்டில் ஆள் இல்லை. வேப்பமரத்தடியில் சிட்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் காதை ஆட்டினாள், கிட்டே வந்து லென்ஸை முகர்ந்தாள். சாயங்கால வெயில் அந்த வெள்ளை நெற்றியில் விழுந்தது. பதினாறு வருஷத் தொழிலில் அப்படி ஒரு வெளிச்சம் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரே படம்தான் எடுத்தேன். அது போதும் என்று தோன்றியது.

வீடு போய்ச் சேரும்போது விளக்கு வைக்கிற நேரம். மச்சான் வாசலில் உட்கார்ந்தார். மீனா கதவருகே வந்தாள். கேமராவைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், குஞ்சத்தைப் பார்த்தாள். உதடு கொஞ்சம் துடித்தது, சிரிப்பா அழுகையா தெரியவில்லை. திரும்பி உள்ளே போகப் பார்த்தாள். நான் அவசரமாகப் படத்தைப் போட்டுக் கேமராவை அவள் பக்கம் திருப்பினேன்.

நின்றாள். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கிட்டக் கொண்டாங்க."

ஒன்பது நாளைக்கு அப்புறம் அவள் பேசிய முதல் வார்த்தை. குனிந்து, கேமராவை அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோனேன்.

"உங்க மூஞ்சிய யாரு கிட்டக் கொண்டாரச் சொன்னா? படத்தைக் கிட்டக் கொண்டாங்க!"

பட்டனைத் தட்டினேன். நெற்றி பெரிதானது, கண் பெரிதானது, கண்ணோரத்தில் ஒரு ஈ. "கீழ போங்க" என்றாள். போனேன். "கழுத்துல நிறுத்துங்க." நிறுத்தினேன். மீனா கேமராவைத் தன் பக்கம் இழுத்தாள். கயிற்றோடு நானும் போனேன்.

"நைலான் கயித்தப் போட்டுக் கட்டியிருக்கானுக. அறுத்திருக்கு பாருங்க. ரோமமே போச்சு."

பார்த்தேன். தாடைக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு. அவ்வளவு நேரம் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தவன் நான். வெளிச்சத்தைப் பார்த்தேன், நெற்றியைப் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

மீனா உள்ளே போய், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்த பழைய கயிற்றை எடுத்து வந்தாள். தன் பழைய நூல் சேலையைக் கிழித்து அவளே திரித்த கயிறு. சிட்டுவை விற்ற அன்று மச்சான் முறைப்படி அவிழ்த்துக் கொடுத்தது. அதை அவர் மடியிலேயே போட்டாள்.

"அண்ணே, காலையில மொத பஸ்ஸுக்குப் போயி இதை அவ கழுத்துல கட்டிட்டு வா."

மச்சான் பதறி எழுந்துவிட்டார். "என்ன தாயி இது! வித்த மாட்டுக்குக் கயித்தக் குடுக்கிறதா? வீட்டு லட்சுமி போயிருமே!"

"போனா வேற வரட்டும். அவ கழுத்து அறுபடுதுண்ணே, அது உனக்குப் பெரிசாத் தெரியலையா?"

காசிமாயன் பேரத்தில் தோற்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். கயிற்றைச் சுருட்டித் தோளில் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். கேமராவின் முதுகை முந்தானையால் துடைத்தாள்.

"படம் நல்லாத்தேன் இருக்கு. ஈ கூடத் தெரியுது. பெரிசாப் போட்டுக் கடையில மாட்டுங்க." பிறகு குஞ்சத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "நாமளே கயித்தக் குடுத்தாச்சுல்ல, நீங்களும் மதுரைக்குப் போயி அந்த ஆளுக்கிட்டப் பெல்ட்டை வாங்கிட்டு வாங்க. இதைக் கழுத்துல கட்டிக்கிட்டு விசேச வீட்டுக்குப் போனீங்கன்னா உங்களைத்தேன் ஓட்டிட்டுப் போவானுக."

அதோடு விடவில்லை. மாட்டை விற்கலாமா என்று நான் கேட்ட விதம், கேட்ட நேரம், அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டை என்று ஒன்பது நாளுக்கும் சேர்த்துத் திட்டினாள். முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் கழுத்தில் கேமராவோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.