பொந்துக்குள் ஒன்றுதான் இருந்தது

பலாமரத்தை வெட்டியே தீருவதென்று என் மனைவி செனில்டா முடிவெடுத்துவிட்டாள். போன வருஷம் ஒரு பழம் கொக்கோ உலர்த்தும் களத்தின் கூரைமேல் விழுந்து, தகரம் பிளந்து, ஒரு வாரக் கொட்டை மழையில் பூசணம் பிடித்துப்போனது. அவள் பக்கம் நியாயம் இருந்தது. நியாயத்துக்கு எதிரே என்னால் முடிந்தது பொய் ஒன்றுதான். மேலே ஏறி வடம் கட்டும் வேலை என் தலையில் அல்லவா விழும்? மரத்தில் ஒன்பது முழப் பாம்பு என்றேன். அடுத்த வாரம், தேங்காய் தேங்காயாகக் குளவிகள். அதற்கடுத்து, செத்துப்போன அவள் அண்ணன் கிளையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கிறான் என்றேன்.

"அண்ணன் சுருட்டே குடிச்சதில்ல," என்றாள்.

மெஷின் ரம்பத்தோடு பக்கத்துத் தோப்பு ஜில்தாசியோ வந்தேவிட்டான். நான் ஏறினேன். ஏறினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, மரம்தான் பொறுத்துக்கொண்டு என்னை மேலே விட்டது. பாதி உயரத்தில் ஒரு பொந்து. உள்ளே, வெள்ளை உடம்பில் கறுப்புச் சாயம் கொட்டினது மாதிரி, பூனைக்குட்டி அளவில், ஒரு கொக்கோ எலி. பிரேசிலில் எங்கள் தென் பாஹியாவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் அதற்கு வீடில்லை. பல்கலைக்கழகத்தார் ஏழு வருஷம் தேடி, அதன் புழுக்கையை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நிறுத்துடா! உள்ள கொக்கோ எலி இருக்கு! வெட்டினா செத்துரும்!"

"சுருட்டுப் பிடிக்கிற மச்சான் சௌக்கியமா, பெருசு?" என்று சிரித்தான் ஜில்தாசியோ.

"எலி என்ன பண்ணுது? பாட்டு பாடுதா?" என்றாள் செனில்டா.

அதன் வால் பதினாறு முழம் என்று சொல்ல நாக்கு துடித்தது. கீழே ரம்பம் உறுமியது. வாலை அப்படியே விழுங்கினேன்.

"தூங்குது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. ஒரு கண்ணத் தொறந்து பாத்துச்சு. மூடிக்கிச்சு."

செனில்டா ரம்பத்தின் பக்கம் கையை நீட்டினாள்.

"ஜில்தாசியோ, மெஷின நிறுத்து. நாப்பத்தாறு வருஷத்துல இந்த மனுஷன் இவ்வளவு சப்புன்னு எதையும் சொன்னதில்ல. நீ ஏறிப் பாரு."

ஏறினான். நெடுநேரம் பார்த்தான். இறங்கி வந்து ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"பெருசு பொய்தான் சொல்லியிருக்காரு, அக்கா. ஒண்ணில்ல. குட்டியோட ரெண்டு."

"ஒரே ஒரு தடவையாவது உண்மைய முழுசாச் சொல்ல வராதாய்யா உனக்கு?" என்றாள்.

மரம் பிழைத்தது. களத்துப் பக்கம் காய்க்கிற பிஞ்சுகளை மாதாமாதம் ஏறி அறுத்துப்போடுவது என் பொறுப்பென்று தீர்ப்பாயிற்று. முதல் மாதமே இடுப்புப் பிடித்துக்கொண்டது. பொய் என்கிறாள்.