உருக்குத் துணுக்கு

சாய்ந்தமருதில் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் முஸ்பிறாவும் கணவன் றிஷாட்டும் ஆஸ்பத்திரிக்குப் பேண்டேஜ் வெட்டிக் கொடுத்துவந்தார்கள். அகலமான கோஸ் துணிச் சுருளை மெஷினில் ஏற்றினால், சுழலும் வட்டப் பிளேட்டுகள் அதை ஒடுங்கிய பட்டிகளாக வெட்டிவிடும். பழைய பிளேட்டுகள் தேய்ந்தபோது றிஷாட் ஒன்லைனில் மலிவான செட் ஒன்றை எடுப்பித்தான். அவையும் நன்றாகவே வெட்டின. ஓரத்தில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

அன்று மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து மெஷினைத் துடைக்கும்போது நடுப் பிளேட்டில் துடைப்புத் துணி சிக்கியது. முஸ்பிறா குனிந்து பார்த்தாள். விளிம்பில் அரிசிக் குறுணியளவு உடைந்துபோயிருந்தது.

"இஞ்ச வாங்க!" என்று கத்தினாள். "பிளேட் உடைஞ்சிரிக்கி. துண்டைக் காணல்ல."

இருவரும் நிலத்தைக் கூட்டினார்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை மெஷினுக்கு அடியிலெல்லாம் ஓட்டினார்கள். தூசிதான் வந்தது. காலையில் வெட்டிய சுருள்கள் ஏற்கெனவே, ஆஸ்பத்திரிக்குச் சாமான் ஏற்றும் கனகசிங்கத்தின் வேனில் போய்விட்டன.

"எங்கயாவது தெறிச்சிருக்கும், விடு," என்றான் றிஷாட். அவன் முகம் வெளிறியிருந்தது.

"பச்சைப் புண்ணில சுத்துற துணி. உள்ள இருந்தா?"

"உண்மையச் செல்லிப்போட்டா இனி நம்மட்ட பேண்டேஜ் எடுப்பாங்களா? இத விட்டா நமக்கு வேற என்ன இரிக்கி? அல்லாஹ்வுக்காகச் செல்றன் முஸ்பிறா, வாயத் திறக்காத."

அவள் போனை எடுத்துக் கனகசிங்கத்துக்கு அழைத்தாள். மணி அடித்து நின்றது. திரும்பத் திரும்ப அழைத்தாள். கடைசியில் எடுத்தான்.

"ஆஸ்பத்திரியிலதான் நிக்கிறன் தங்கச்சி. எல்லாம் இறக்கியாச்சு."

"அண்ணன், அவ்வளவையும் திருப்பி ஏத்துங்க. ஸ்டோர் மிஸ்ஸிட்டப் போனைக் குடுங்க."

ஸ்டோருக்குப் பொறுப்பான நஸ்லின் எடுத்தாள். "ஏன் திருப்பி எடுக்கணும்? என்ன காரணம்?"

றிஷாட் எதிரே நின்று இரண்டு கைகளையும் கூப்பினான். முஸ்பிறா அவனைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மிஸ், எங்கட பிளேட் உடைஞ்சிட்டு. ஒரு துண்டைக் காணல்ல. பேண்டேஜுக்குள்ள இருக்கலாம்."

மறுமுனையில் நஸ்லினின் குரல் உடைந்தது.

"யா அல்லாஹ்! ஒரு பெட்டி வார்ட்டுக்குப் போய்த்தே!"

போன் கட்டானது. முஸ்பிறா அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். எவருடைய காலிலோ வயிற்றிலோ அந்தத் துணி சுற்றப்படுவது கண்ணுக்குள் வந்துகொண்டேயிருந்தது. ஓதிப் பார்த்தாள், பாதியில் வார்த்தை மறந்துபோனது. றிஷாட் வாசலுக்கும் மெஷினுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வேன் வந்தது. "வார்ட்டுப் பெட்டியும் இரிக்கி. நேர்ஸ் பிரிக்கத் தொடங்கினவாவாம், மிஸ் ஓடிப்போய்ப் பறிச்சுக்கொண்டு வந்தவா," என்றான் கனகசிங்கம். அவனும் உட்கார்ந்து சுருள்களைப் பிரிக்கத் தொடங்கினான்.

பிரித்த பேண்டேஜ் இனி எந்த ஆஸ்பத்திரிக்கும் உதவாது. தெரிந்துகொண்டே மூவரும் பிரித்தார்கள். கொட்டில் முழுக்க வெள்ளையாகக் குவிந்தது. ஒவ்வொரு பட்டியின் மீதும் காந்தத்தை ஓட்டினார்கள். வெளிச்சம் மங்கும் நேரத்தில், வார்ட்டிலிருந்து வந்த பெட்டியின் ஒரு சுருளைப் பிரித்துக்கொண்டிருந்த றிஷாட் "ஸ்ஸ்" என்று கையை உதறினான். பெருவிரலில் இரத்தம். துணியின் மடிப்பில் துணுக்கு மின்னியது.

"கிடைச்சிட்டு," என்றான். துணிக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். முஸ்பிறா அவனுடைய விரலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நஸ்லின் அழைத்தாள். "நீங்க உண்மையச் சொன்னதையும் நான் மேலிடத்தில சொன்னன். ஆனா உங்களுக்குத் தாற ஓடர நிப்பாட்டிட்டாங்க. எனக்கு ஒண்டும் செய்ய ஏலாது."

"ஓம் மிஸ்," என்றாள் முஸ்பிறா.

தோணிக்காரர்கள் வந்து, எஞ்சின் துடைக்க உதவும் என்று அந்தத் துணிகளைச் சாக்குச் சாக்காக அள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு முழுவதும் றிஷாட் மெஷின் பக்கமே போகவில்லை. அடுத்து எதை வெட்டுவது, யாருக்கு வெட்டுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.